பக்கத்துக் கட்டிலுக்கு வந்த மருந்து

மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றபடியே பரிசோதனை அறிக்கையை மூன்று முறை படித்தாள். அக்காவின் கட்டியில் அந்தப் புரதம் இல்லை. பேருக்குக்கூட இல்லை. மருத்துவர் விளக்கத் தொடங்கியபோது, தெரியும் என்று மட்டும் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஒன்பது வருடங்களாக அவளுடைய வேலையே அந்தப் புரதத்தைத் தேடிப் போகும் புற்றுநோய் மருந்தைச் செய்வதுதான். மருந்துத் தொழிற்சாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த கையுறை வழியாகக் கைவிட்டு, கொடிய நஞ்சு ஒன்றை எதிர்ப்புப் புரதத்தோடு இணைப்பாள். தனியாக ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும் நஞ்சு. எதிர்ப்புப் புரதம் அதைச் சுமந்துகொண்டு போய், புற்றுநோய் உயிரணுவின் மேலிருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அந்த உயிரணு அதை உள்ளே இழுத்த பிறகுதான் இணைப்பு அறுந்து நஞ்சு வெளிப்படும். ஒரு எதிர்ப்புப் புரதத்துக்கு நான்கு நஞ்சுத் துணுக்குகள் என்று ஒட்ட வேண்டும். கூடினால் திரண்டு கெட்டுவிடும், குறைந்தால் பிரயோஜனமில்லை. ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி எடுப்பதற்கே ஒரு பகல் போய்விடும். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத கட்டியில் அவ்வளவு பாடும் வீண்.

அக்கா பேருந்து நடத்துநர். அம்மா இறந்தபோது அக்காவுக்கு இருபது வயது, இவளுக்கு ஒன்பது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தங்கை படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு யாரும் கேட்கவில்லை. வார்டில் சேர்ந்த முதல் நாளே, தங்கச்சி செய்கிற மருந்துதான் தனக்கு வரப்போகிறது என்று நர்ஸிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தாள்.

வார்டுக்குள் போனதும் இவள் முகத்தைப் பார்த்தே அக்கா புரிந்துகொண்டாள்.

"இல்லையா?"

"அது பிடிச்சுக்க உன் கட்டியில எடமே இல்லக்கா."

அக்கா விரல் நகத்தைச் சுரண்டினாள். "எடமில்லன்னு நான் எத்தனை பேரை எறக்கி விட்டிருப்பேன்," என்று சிரிக்கப் பார்த்தாள்.

பழைய மருந்து இருக்கிறது, முடி கொட்டும், ஆனால், என்று ஆரம்பித்தவள் அதோடு அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அப்போதுதான் நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பையைக் கொண்டுவந்து மாட்டினாள். அதன் சீட்டிலிருந்த மருந்துத் தொகுதி எண் தங்கைக்குத் தெரியும். ஆறு மாதங்களுக்கு முன் அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. அந்தக் கட்டிலில் அக்கா வயதில் ஒரு பெண், நர்ஸின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் கட்டியில் மட்டும் அந்தப் புரதம் எப்படி இருந்தது என்று ஒரு கணம் அவளுக்கு வயிறு எரிந்தது. மறுகணமே கூசிப்போனாள்.

"உள்ள இருக்கறது விஷமாமே," என்றாள் அந்தப் பெண்.

தங்கையின் பார்வை அந்தப் பையிலேயே நிற்பதைக் கவனித்த அக்கா, முழங்கையை ஊன்றி எழுந்தாள். "பயப்படாதீங்க. என் தங்கச்சி கையால பண்ணது. அவ எதையும் அரைகுறையா விடமாட்டா." பிறகு இவள் பக்கம் திரும்பி, "போ, அவங்ககூடக் கொஞ்ச நேரம் உக்காரு. எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தபோது அக்கா சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பின்னிக்கொண்டிருந்தன.