நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

அப்பா சர்வேயர். முப்பத்திரண்டு வருடமாக அடுத்தவர் நிலத்தை அளந்து, அண்ணன் தம்பிகளைப் பிரித்து வைத்தவர். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது மற்றவர்களுக்குப் பழமொழி; அவருக்கு அலுவலக விதி. வீட்டுக்குப் புதிதாக ஒரு வாளி வந்தால் அதன் விட்டம் அவருக்குத் தெரியும். நான் கல்லூரியில் என்ன படிக்கிறேன் என்பது சரியாகத் தெரியாது. உயரம் தெரியும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலையும் மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்தது. மூன்றாம் நாள் பிசியோதெரபி அக்கா வந்து சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்குக் கீழ எதுலயும் உட்காரக் கூடாதும்மா. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது."

அதுவரை மருத்துவமனையில் எல்லாரும் 'பார்க்கலாம்', 'பொறுத்திருப்போம்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் அப்பாவுக்குப் புரிகிற மொழியில் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது. அன்று மாலையே வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தார். சோபா நாற்பத்தொன்று, கட்டில் நாற்பத்துநாலு, சாப்பாட்டு மேசை நாற்காலி நாற்பத்தைந்து. தச்சரை வரவழைத்து எல்லாவற்றின் காலடியிலும் மரக்கட்டை வைத்தார். இரண்டே நாளில் வீடே குதிகால் செருப்பு போட்டுக்கொண்டது. சோபாவில் உட்கார்ந்தால் என் கால் தரையில் பாவவில்லை.

ஒன்றை மட்டும் அவர் அளக்கவில்லை. அது அப்போது வீட்டில் இல்லை. ஷோரூமில் இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அப்பா குனிந்து காதில் சொல்லியிருந்தார்: "திரும்பி வர்றப்போ நம்ம கார்லதான் வருவே."

அம்மா, "சரிங்க" என்றார். மயக்க ஊசி போட்டுக்கொண்டவரிடம் வாங்கிய சம்மதம் செல்லுமா என்று சட்டம் படிக்கும் நண்பனிடம் கேட்டேன். செல்லாது என்றான். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் விஷயம் எட்டு வருடப் பழசு. எப்போதோ பேருந்தில் போகும்போது அம்மா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அந்த வண்டி எவ்வளவு அழகா இருக்கு, பொம்மை மாதிரி" என்றிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா வாய் திறந்து ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான் என்பது அப்பாவின் கணக்கு.

அது நகரத்துக்குள் ஓட்டுவதற்கென்றே செய்த சின்னக் கார். அளவில் எல்லாவற்றையும் சுருக்கியவர்கள் விலையை மட்டும் சுருக்க மறந்துவிட்டார்கள். ஷோரூமில் காபி கொடுத்தார்கள், மெத்தென்ற நாற்காலி கொடுத்தார்கள், கடைசியில் கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவரையும் கொடுத்தார்கள். அவர் கார்களைப் பெண் பார்க்கும் வீட்டு மனிதர்களைப் போல அறிமுகப்படுத்தினார்.

"எல்லாம் ஒரே குடும்பம் சார். இவர் மூணு கதவு. இவர் அஞ்சு கதவு, அண்ணன். அவர் கூரை திறக்கிறவர், கொஞ்சம் செல்லம். அதோ மூலையில உசரமா நிக்கிறாரே, அவர்தான் வீட்டுக்குப் பெரியவர்."

"மூணு கதவா? ரெண்டுதானே தெரியுது?" என்றேன்.

"டிக்கியைச் சேர்த்து சார்."

உள்ளே விளக்கு பதினோரு நிறத்தில் மாறும் என்றார். கூரைக்குத் தனி வண்ணம் உண்டு என்றார். அப்பா ஒரே கேள்வி கேட்டார். "நீளம்?"

எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கான கார் நிறுத்துமிடம் மூன்று மீட்டர் தொண்ணூறு. அதற்கு முன்னால் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டி ஒரு விரல் நீட்டினாலும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டுவார். விற்பனையாளர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன எண்களை அப்பா நம்பவில்லை. பளபளக்கும் தரையில் மண்டியிட்டு, ஒரு முனையை என்னிடம் கொடுத்து, நான்கு வண்டிகளையும் அளந்தார். பெரியவர் நாலு மீட்டர் முப்பது. அண்ணன் நாலு மீட்டர் மூன்று. மூன்று கதவும் செல்லமும் மூன்று எண்பத்தாறு.

"கூரை இல்லாததை எப்படி வீட்டுல சேர்க்கிறது?" என்று அப்பா செல்லத்தைத் தள்ளிவிட்டார்.

மூன்று கதவு வண்டியிலேயே மூன்று ரகம் இருந்தது. மற்ற இரண்டுக்கும் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். அம்மா வீடு திரும்பப் பத்தே நாள். கையோடு கிடைப்பது ஸ்போர்ட் மட்டும்தான்.

"ஸ்போர்ட்னா என்ன வித்தியாசம்?"

"தரையோட ஒட்டி ஓடும் சார். சீட்டு உங்களை அப்படியே அணைச்சுப் பிடிச்சுக்கும். விடவே விடாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. மறைக்காமல்தான் சொன்னார்.

கார் வந்தது. கன கச்சிதமாக நிறுத்துமிடத்தில் புகுந்தது. முன்னாலும் பின்னாலும் சேர்த்து நாலு சென்டிமீட்டர் மிச்சம். அப்பாவின் பெருமை முழுவதும் அந்த நாலில்தான் நின்றது. பிறகு கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்து பக்கத்துத் தூணில் முட்டியது. இன்னொரு பக்கம் சுவர். ஐந்து கதவு வண்டியில் முன்கதவு குட்டை, தூணுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். மூன்று கதவு வண்டியில் கதவுகள் குறைவு என்பதால் ஒவ்வொன்றும் நீளம். வண்டியின் நீளத்தை அளந்தவர் கதவின் நீளத்தை அளக்கவில்லை.

டிக்கியைக் கதவென்று எண்ணியது சும்மா பெருமைக்கு என்று நினைத்திருந்தேன். அன்று அப்பா அதன் வழியாகத்தான் வெளியே வந்தார். அதை உள்ளிருந்து திறக்க முடியாது. வெளியே ஒருவர் வேண்டும். கீழ்த்தளத்தில் போன் எடுக்காது. எனவே இரண்டு சின்ன ஹாரன் அடித்தால் நான் ஓடிப்போய்த் திறக்க வேண்டும் என்று முடிவானது.

"அம்மாவை வாசல்லயே இறக்கிடப் போறோம். அவளுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது" என்றார் அப்பா, பின்சீட்டில் தவழ்ந்தபடி.

வீடு திரும்பும் நாள் மருத்துவமனை வாசலில் காரைப் பார்த்ததும் பிசியோ அக்கா கேட்டார்: "இதுலயா?"

அப்பா அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். தரையிலிருந்து சீட்டு வரை. இருபத்தொன்பது. மறுபடி அளந்தார். டேப் அவருக்காக வளைந்து கொடுக்கவில்லை.

"வேற வண்டி சொல்லிடலாமா சார்?" என்றார் அக்கா.

அப்பா மூன்றாம் முறை அளந்தார். கைப்பிடி வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்து நின்ற அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "வேணாம்மா. இத்தனை நாளா சொல்லிட்டே இருந்தார். நான் ஏறிக்கறேன்."

அக்காவும் இரண்டு உதவியாளர்களும் சேர்ந்து, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அம்மாவைக் கண்ணாடிச் சாமான் இறக்குவது போல இறக்கினார்கள். "ஏத்தியாச்சு. இறக்கறதுக்கு நானே ஆறு மணிக்கு வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் நீங்களா தூக்க முயற்சி பண்ணாதீங்க. தையல் பிரிஞ்சா திரும்ப இங்கதான்" என்றார் அக்கா.

மணி ஒன்றரை. நான் அப்பாவுக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன். என் முழங்கால் என் காதோடு பேசிக்கொண்டிருந்தது.

முதல் சிக்னலில் பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. அதே கம்பெனி, உயரமான பெரியவர். அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க, இதைத்தானே நான் அன்னிக்கு பஸ்ல காட்டினேன்."

"எதை?"

"இதை. பொம்மை மாதிரின்னு சொன்னேனே. உசரமா, ஏறி உட்கார வசதியா."

பச்சை விழுந்தது. அப்பா கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் நினைவூட்டினார்கள்.

வாசலில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் நாற்காலி மரக்கட்டையோடு தயாராகக் காத்திருந்தது. அம்மா இரண்டு முறை முயன்றார். சீட்டின் இரு பக்க மேடும், விற்பனையாளர் சொன்னது போலவே, விடவே இல்லை. மூன்றாவது முறை 'ஆ' என்றதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். செயலாளர் வந்தார்.

"சார், வாசல்ல பத்து நிமிஷத்துக்கு மேல நிறுத்தக் கூடாது. உங்க இடத்துல விட்டுடுங்க."

"அங்க கதவு திறக்காது."

"இங்க திறந்துதானே இருக்கு? ஏன் இறங்க மாட்டேங்கிறாங்க?"

இதற்கு எந்த இலாகாவிலும் பதில் இல்லை. அப்பா வண்டியை எடுத்தார்.

தெருமுனை திரும்பும்போது அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "டேய், நாற்பத்தெட்டுல இருபத்தொன்பது போனா?"

"பத்தொன்பது."

"வண்டி பத்தொன்பது சென்டிமீட்டர் மேல நின்னா போதும். எதிர்ப்பக்க நடைபாதை மேல ஏத்தி நிறுத்துவோம். அம்மா ரோட்டுல கால் வைப்பா. நாற்காலி உயரம்தான். எழுந்து நின்னா வீடு வரைக்கும் நடைச்சட்டத்தைப் பிடிச்சு நடந்துடலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடைபாதை அளந்தோம். அப்பா இறங்குவார், சீட்டை மடக்கி என்னை உருவி எடுப்பார், டேப்பின் முனையைக் கொடுப்பார். மருந்துக்கடை முன்னால் பன்னிரண்டு. தபால் நிலையம் பதினைந்து. பள்ளிக்கூடச் சுவர் பத்து, அதுவும் உடைந்து. சலவைக் கடைக்காரர் வெளியே வந்து, "ரோடு அகலப்படுத்தப் போறாங்களா சார்? என் கடை போயிடுமா?" என்று கலங்கினார். அப்பா அவரிடம் முழங்கால் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் நம்பவில்லை.

வங்கிக்கு எதிரில் கிடைத்தது.

"பத்தொன்பது!" அப்பா கத்தினார். "சரியா பத்தொன்பதுடா!"

ஓடிப்போய் உட்கார்ந்து, வண்டியை மெதுவாக நடைபாதை நோக்கித் திருப்பினார். 'கர்ர்' என்று ஒரு சத்தம். முன்பக்கம் கல்லில் முட்டி நின்றது. தரையோடு ஒட்டி ஓடும் வண்டி. நான் குனிந்து டேப்பை வைத்தேன். வயிற்றுக்கும் ரோட்டுக்கும் பன்னிரண்டு. பன்னிரண்டு உள்ளது பத்தொன்பதில் ஏறாது. இதை அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக அவரே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா இன்ஜினை அணைத்தார். டேப்பை வாங்கினார். அது 'சடக்'கென்று தானாகச் சுருண்டு உள்ளே போனது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கையே பார்த்தார்.

"எல்லாத்தையும் அளந்தேன்" என்றார், யாரிடமோ.

அம்மா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஏங்க, ஏசியைப் போடுங்க. வேகுது" என்றார்.

போட்டார்.

"பதினெட்டு நாளா சுவத்தையே பார்த்துட்டு இருந்தேன். எங்கயாவது ஓட்டுங்க. ஆறு மணிக்குத்தானே அந்தப் பொண்ணு வருது?"

"உனக்கு வலிக்கலையா?"

"வலிக்குது. நின்னாலும் வலிக்கும். ஓட்டுங்க."

அப்பா இறங்கி என்னைப் பின்சீட்டில் மடக்கி வைத்துவிட்டு ஓட்டினார். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இடது கால் மரத்துப்போய் வெகு நேரமாகியிருந்தது; அதைச் சொல்லும் தகுதி அந்த வண்டியில் எனக்கு இல்லை.

"இதுல ஏதோ லைட்டு கலர் மாறும்னு சொன்னீங்களே" என்றார் அம்மா.

அப்பா ஒரு பொத்தானை அழுத்தினார். கதவோரம் நீலம் ஓடியது. அம்மா, "ம்" என்றார். சற்றுப் பொறுத்து அப்பா மறுபடி அழுத்தினார். பச்சை. அம்மா அதற்கும், "ம்" என்றார். தன் கைக்கு எட்டி, வலிக்காமல், அந்தக் காரில் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தெரிந்ததும் பொத்தானை அம்மாவே அழுத்தத் தொடங்கினார்.

நாலு மணிக்கு எட்டாவது நிறத்துக்கு வந்திருந்தோம். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நிறம் மூன்றுதான் மிச்சம்.