பேசுகிற தூரத்துக்கு ஒரு ரிவால்வர்

துப்பாக்கி வாங்கப் போகிறவர், தான் யாருக்குப் பயப்படுகிறாரோ அவரையும் கூட அழைத்துக்கொண்டு போக வேண்டும். செருப்பு எடுக்கப் போகும்போது காலைக் கொண்டு போகிற மாதிரிதான் அது. பூங்கோதைக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே கொழுந்தன் திருமூர்த்திக்கு ஃபோன் போட்டாள்.

"வியாழக்கிழமை கோயமுத்தூர் போகணும். ரிவால்வர் எடுக்க."

"நானுங்களா நங்கையா?" அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீதான்."

"சரிங்க. குளிச்சுட்டு நிக்கறேன்."

மூன்று வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பூங்கோதை பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னை நார் மில் நடத்துகிறவள். புருஷன் இருந்தவரைக்கும் மில்லுக்கும் அவர்களுடைய தென்னந்தோப்புக்கும் நடுவே ஒரு வண்டித்தடம் இருந்தது. அவர் போன கருமாதி ஈரம் காய்வதற்குள் திருமூர்த்தி அதை உழுது சோளம் விதைத்துவிட்டான். அவள் கேஸ் போட்டாள். ஒரு நாள் சாயங்காலம் அவன் அரிவாளோடு மில்லுக்கு வந்தான். கேட்டைப் பிடித்து உலுக்கினான். எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் அவள் படுத்துத் தூங்கியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். மில் ஆட்கள் கேட்டால் முதுகுவலி என்பாள்.

வியாழக்கிழமை திருமூர்த்தி தேய்த்த சட்டை போட்டு, விபூதி பூசி, ரோட்டோரம் நின்றிருந்தான். காரில் பின்சீட்டுக்குப் போனவனை முன்னால் உட்காரச் சொன்னாள். பின்னால் உட்கார்ந்தால் அவனைப் பார்க்க முடியாது.

அன்றைக்கு ரோட்டை நீட்டி வைத்திருந்தார்கள். கிணத்துக்கடவு மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை திருமூர்த்தி, "இங்கதானுங்க போண்டா நல்லாருக்கும்" என்றான். அவள் நிறுத்தவில்லை.

துப்பாக்கிக் கடை ஒரு ஜவுளிக்கடைக்கு உள்ளே இருந்தது. முகூர்த்தப் பட்டு விற்கிற மாடியைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு கல்யாண வீட்டார் அரக்கு நிறத்துக்கும் மாம்பழ நிறத்துக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் ரிவால்வர்கள். மல்லிகைப்பூ மாதிரி, ஈரத்துணி போட்டு மூடித் தட்டுகளில் பரப்பியிருந்தார்கள். கடைக்காரர் கஃபூர் பாய் அவற்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. சுட்டுப் பழகறதுக்கா, கூட வெச்சுட்டு நடக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்."

கஃபூர் பாய் பெருமூச்சு விட்டார். "எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. குழல் நீளமா இருந்தா குறி தப்பாது. ஆனா இடுப்புல வெச்சுட்டு உக்கார முடியாது. குட்டையா இருந்தா வெச்சிருக்கறதே தெரியாது, சுட்டா கையை உதறும். நடுவாந்திரமா ஒண்ணு இருக்கு. அது ரெண்டு வேலையையும் அரைகுறையாச் செய்யும்."

பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். "இவருதானா?"

"இவருதான்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவனுடைய நெஞ்சையும் தோளையும் அளந்தார். திருமூர்த்தி தையல்காரரிடம் நிற்கிற மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி. சாதாரணமா இருங்க."

"சாதாரணமாத்தானுங்க இருக்கேன்."

முதலில் நீளக் குழல் ரிவால்வரை எடுத்தார்கள். நல்ல கனம். கனம் இருந்தால்தான் சுடும்போது உதைக்காது என்றார் கஃபூர் பாய். சுட்டுப் பார்க்கிற இடம் கடைக்குப் பின்னால் ஒரு நடை. அவள் துப்பாக்கியை நீட்டியதும் நடையும் நீண்டது. குறிப்பலகை பின்னால் பின்னால் போய் உக்கடம் குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. நடுவில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன.

பூங்கோதை மூச்சை நிறுத்திச் சுட்டாள். சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. கஃபூர் பாய் கயிற்றை இழுத்து இழுத்துப் பலகையைக் கொண்டுவந்தார். நட்ட நடுவில் ஓட்டை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. இன்னொரு தடவை சுட்டாள். இன்னும் ஒரு தடவை. கொக்குகள் பறக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற எதற்கும் தனக்குப் பயமில்லை என்று கண்டுகொண்டாள்.

"இதையே எடுத்துக்கறேன்."

"நல்லாத்தான் சுடறீங்க," என்றார் கஃபூர் பாய். "ஆனா உங்க ஆளு அவ்வளவு தூரத்துல நிப்பாரா?"

இருவரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவன் நேர்மையாக யோசித்தான்.

"நிக்க மாட்டனுங்க," என்றான். "கிட்டத்துலதான் வருவேன்."

அடுத்தது குட்டைக் குழல். அதைக் கையில் எடுத்ததுமே நடை சுருங்கி ஒரு சின்ன அறையானது. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவு இடம்தான். திருமூர்த்தி ஒன்றில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் சோப்பு வாசனை அடித்தது.

"கூட வெச்சுட்டு நடக்கறதைப் பேசற தூரத்துலதான் பாக்கணும்," என்றார் கஃபூர் பாய்.

"குண்டு இருக்கா?"

"ஆறும் இருக்கு. இல்லாம எப்படிம்மா பாக்கறது?" அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேசுகிற தூரத்தில் பேசாமல் இருப்பது கஷ்டம்.

"சோளம் எப்படி?" என்று பூங்கோதை கேட்டாள்.

"இந்த வருசம் பூச்சிங்க."

"அன்னிக்கு எதுக்கு வந்தே?"

திருமூர்த்தி துப்பாக்கியைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தான். "மட்டை வெட்ட வந்தேன்னு எல்லாருகிட்டயும் சொன்னனுங்க."

"எங்கிட்ட சொல்லு."

"உங்களை வெட்டத்தானுங்க வந்தேன். கேட்டு பூட்டியிருந்துச்சு."

இதைக் கேட்டால் மயக்கம் வரும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தாள். வரவில்லை. காதில் மட்டும் லேசாக இரைந்தது.

"பூட்டாம இருந்திருந்தா?"

"தெரியலைங்க நங்கையா. அதைத்தான் நானும் நினைச்சு நினைச்சுப் பாக்கறேன். சில நாளைக்கு வெட்டிருப்பேன்னு தோணுது. சில நாளைக்குக் கீழ போட்டுட்டு அழுதிருப்பேன்னு தோணுது. தூக்கம் வர்றதில்லைங்க."

"படுத்துத் தூங்கறியா, உக்காந்தா?"

"நின்னுட்டுத்தானுங்க."

பூங்கோதைக்கு வந்தது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. விசையில் இருந்த விரல் தானாக அழுந்தியது. வெடித்தது.

குண்டு திருமூர்த்தியின் காதோரமாகப் போய்ச் சுவரில் பதிந்தது. புகைக்கு நடுவே அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"இது உங்களுக்கு ஆகாதுங்க," என்றான் மெதுவாக. "பிடி சின்னது. சுண்டுவிரல் வெளிய நிக்குது பாருங்க. நான் நிசமாவே வந்தா, இதை வெச்சு என்னைத் தடுக்க முடியாது."

அவள் தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். வெளியேதான் நின்றது.

"சுட்டுட்டேனே திருமூர்த்தி," என்றாள்.

"படலைங்க."

"பட்டிருந்தா?"

"தெரியலைங்க," என்றான். அதைக் கேட்டதும் அவள் அழ ஆரம்பித்தாள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். துப்பாக்கி அவள் மடியில் இருந்தது. அவள் இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக் குடித்தாள்.

நடுவாந்திரத்தைத் திருமூர்த்திதான் எடுத்தான். கஃபூர் பாய் காட்டிய நான்கைந்தைத் தள்ளிவிட்டு, மரப்பிடி போட்ட ஒன்றைக் கையில் வைத்து எடை பார்த்தான். விசையை இழுத்துப் பார்த்தான். உருளையைக் காதோரம் வைத்துச் சுழற்றிக் கேட்டான். பிறகு அவளிடம் நீட்டி, "விரல் எல்லாம் உள்ள அடங்குதுங்களா?" என்றான்.

அடங்கியது.

"கட்டைவிரலைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. ஆமா. இப்பச் சுட்டா கழுத்துக்குக் கீழ படும்."

"எங்கே படணும்?"

அவன் தன் நெஞ்சில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். கஃபூர் பாய் டேப்பை வைத்துச் சரிபார்த்துத் தலையாட்டினார். "அவருக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும்மா?"

"நல்லாச் சுடவும் முடியாது. சௌகரியமா வெச்சுக்கவும் முடியாது," என்றாள் பூங்கோதை. "இதையே குடுங்க."

கீழே இறங்கும்போது கல்யாண வீட்டார் இரண்டு நிறத்தையும் விட்டுவிட்டு வெள்ளையை எடுத்திருந்தார்கள். எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள்.

இடுப்பில் இருந்த கனத்தால் அவள் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். பார்க்கிறவர்கள் முதுகுவலி என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வரும்போது ரோடு இன்னும் நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை. ஊர் எதுவும் வரவில்லை. ரொம்ப நேரத்துக்கு அப்புறம் திருமூர்த்தி, "இங்கயே இறங்கிக்கறேனுங்க," என்றான்.

"இங்க ஒரு வீடும் இல்லையே?"

"நடந்துக்குவேன்."

அவன் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். அவள் காரை எடுத்தாள். பக்கத்துக் கண்ணாடியில் அவன் ரோட்டு நடுவில் நிற்பது தெரிந்தது. வேகத்தைக் கூட்டினாள். மரங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. மைல்கல் சின்னதானது. திருமூர்த்தி மட்டும் சின்னதாகவில்லை. சட்டைப் பொத்தான்கள் வரைக்கும் தெரிந்தன.

அவள் இன்னும் வேகமாகப் போனாள். அவன் அதே அளவில் நின்றான். ஓடி வரவில்லை, நடந்து வரவில்லை, சும்மா நின்றிருந்தான். அவள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கையால் ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் துப்பாக்கி மேல் இருந்த கை வலித்தது. எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"நாளைக்குத் தோப்புல தேங்கா போடறோம்," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஆள் பத்தாது."

"எத்தனை மணிக்குங்க நங்கையா?" என்று கண்ணாடியிலிருந்து கேட்டான்.

"வெயில் ஏறறதுக்கு முன்னாடி."

"வந்தர்றேனுங்க."

எதிரே லாரி ஒன்று வந்தது. அவள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடியும் ரோட்டில் ஏறினாள்.