பன்னிரண்டரைக்கும் எட்டு டிகிரி

உப்பலில் ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகக் கெமிஸ்டாக இருக்கிறேன். குளுக்கோஸ் பொடியை நாக்கில் போட்டால் சூட்டை உள்வாங்கிச் சில்லென்று ஆகுமே, நான் அந்த ஜாதி. யார் கத்தினாலும் வாங்கிக்கொண்டு குளிர்ந்துபோவேன். "உங்களுக்குச் சூடு சொரணை..." என்று ஆரம்பிக்கும் என் மனைவி காஞ்சனா, பாவம் பார்த்துப் பாதியில் விட்டுவிடுவாள்.

எங்கள் மூன்றாம் நம்பர் கலத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக நான்கு மணி நேரம் விட வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் சூடு பிறக்கும். கலத்தைச் சுற்றி ஓடும் குளிர்நீர் அதை அள்ளிக்கொண்டு போகும். பிறப்பது அள்ளுவதை முந்தினால் தீர்ந்தது. சூட்டால் வினை வேகமாகும், வேகத்தால் இன்னும் சூடாகும். அப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது.

ஆபரேட்டர் இர்பான் பாய்க்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆம்பூரிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. "நக்கோ சார், வேணாம். ரெண்டு மணி நேரத்துல விட்டா பொங்கிடும்," என்று நேற்றுக் காலை மேனேஜர் விஸ்வநாத்திடம் என் எதிரிலேயே சொன்னார்.

"ஒரு மணிக்கு லாரி வருது. வால்வைத் திற."

நான் குளிர்ந்துபோய் நின்றேன்.

பதினொன்று பத்துக்குக் கலத்தின் மூடி இடுக்கில் பீறிட்டது. பாய் ஓடவில்லை. வால்வை அடைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. வெளிர்மஞ்சளாக வர வேண்டிய சரக்கு டிகாஷன் நிறத்தில் கிடந்தது.

இன்று விசாரணை. தலைமை அலுவலகத்து அதிகாரி எதிர் அறையில் இருந்தார். பாய் கட்டுப்போட்ட கையோடு வெளியே பெஞ்சில். விஸ்வநாத் என்னை மட்டும் கூப்பிட்டு வெப்பநிலைத் தாளைக் காட்டினார்.

"எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. பதினொண்ணு வரைக்கும் எல்லாம் சரி. அப்புறம் இர்பான் தானா வால்வை முழுசாத் திறந்திருக்கான். வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"நீங்கதான சார் திறக்கச் சொன்னீங்க?"

"தாள் அப்படிச் சொல்லலையே. உங்க கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான். எங்கள் ஷிப்டின் வழக்கம் அது: காலை டீயோடு உட்கார்ந்து, போன தடவை எண்களைப் பார்த்து அன்றைக்கு முழுவதற்கும் நிரப்பிவிடுவது. அவ்வளவு சுறுசுறுப்பு! பதினொன்று பத்துக்குப் பொங்கிய கலம், என் தாளில் பன்னிரண்டரைக்கும் எட்டு டிகிரியில் சமர்த்தாக இருந்தது.

அதையும் கவனித்திருந்தார். புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "பதினொண்ணோட நிறுத்திக் காப்பி பண்ணுங்க."

அப்போதுதான் காது மடல் கொதித்தது. முதலில் அவர் மேல், அப்புறம் அதைவிட வேகமாக என் மேல்.

பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் எழுதினேன்: 'பழைய தாளில் உள்ளவை காலை ஒன்பதே காலுக்கு, வினை தொடங்கும் முன்பே நான் எழுதியவை. தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. இர்பான் எச்சரித்தார். மேனேஜர் திறக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.' கையெழுத்துப் போட்டேன்.

"உம்ம வேலையும் போகும், ஓய்!"

"போகட்டும் சார்! ஒரு மனுஷன் கை வெந்து கிடக்கு, லாரியாம் லாரி!"

கத்தியது நான்தான். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாய் எழுந்து நின்றிருந்தார்.

"என்னா சார், உள்ள கத்துனது நீங்களா?"

"ஹவ், பாய். நான்தான்."

நம்பாமல் என்னைப் பார்த்தார். இடது கையால் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். இரண்டு பேருமாக அதிகாரியின் அறைக்குள் போனோம். கதவைத் தட்ட மறந்துவிட்டேன்.