குளிர் போன வழி

என் நாத்தனார் மெர்லீன் வடக்கே குளிர்ப் பிரதேசமான மின்னசோட்டாவிலிருந்து எங்கள் லூசியானாவுக்குப் பறந்து வந்ததே எங்களை மூட்டை கட்டி அழைத்துப் போகத்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை. லஃபயெட் விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்த கையோடு, "எத்தன பெட்டி ஆகும்னு பாத்தியா, ஓடீல்?" என்று கேட்டாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு இடமே கொடுக்கவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. என் கணவன் வில்டனுக்கு நரம்பு நோய். காலையில் தடியை ஊன்றிக்கொண்டு தபால் பெட்டி வரை போய் வருவான். உடம்பில் சூடு ஏறிவிட்டால் கால் இரண்டும் சொல்பேச்சு கேட்காது. கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் இரும்புக் குழாயைத் தோளில் தூக்கித் திரிந்தவன், ஆகஸ்டு மாதத்து மதியங்களில் ஈரத் துணிபோல் கட்டிலில் கிடந்தான். ஏசி ஓயாமல் ஓடியது. வீடு குளிரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, வெயில்தான் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்ல ஒரு மெக்கானிக் எதற்கு?

குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மெர்லீன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுத் தரகரிடம் பேசி, சனிக்கிழமை மதியம் வீட்டைப் பார்க்க ஒரு ஜோடி வருவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். வில்டனிடம் கேட்டாளாம். அவன் "சரி" என்றானாம். எப்போது கேட்டாள் தெரியுமா? மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் அவனிடம், உன்னைக் கொண்டுபோய் முதலைக்குப் போடட்டுமா என்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான்.

"அவனுக்கு அங்க யாரைத் தெரியும் அண்ணி?" என்று கேட்டேன். "இங்க தெருவுல போறவன்லாம் ஜன்னல்ல தட்டி 'வில்'லுனு கூப்பிட்டுட்டுத்தான் போறான்."

"கூப்பிட்டா எழுந்து போக முடியுதா அவனால?"

'முடியுது' என்று சொல்ல எனக்கு வழி இருந்திருந்தால் அவளை அடுத்த விமானத்திலேயே ஏற்றியிருப்பேன்.

வில்டன் சும்மா இருந்தவன் இல்லை. கால் ஓரளவு பேச்சுக் கேட்ட காலத்தில், பரண்மேல் ஏறி, கூரையை அறுத்து ஒரு பெரிய மின் காற்றாடியைப் பொருத்தினான். எங்கள் ஊர் வீடுகளில் கூரைக்கும் உள் மச்சுக்கும் நடுவே பரண் இருக்கிறது. வெயிலில் அது அடுப்பாகிவிடும். அந்தச் சூட்டை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டால் கீழே வீடு குளிரும் என்பது அவன் கணக்கு. பரண் சூடானால் காற்றாடி தானாகச் சுழலும். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு யூலிஸ் அதேபோல் ஒன்று வாங்கிப் போட்டான், அவனைப் பார்த்து அவன் மச்சான் போட்டான், கடைசியில் தெரு முழுக்கக் கூரைகள் உறுமின. வில்டனின் கால்கள் செய்த கடைசிப் பெரிய வேலை அது. கட்டிலில் படுத்தபடி அந்த உறுமலைக் கேட்கும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும். அந்தக் களைக்காகவே எனக்கும் அந்தக் காற்றாடியைப் பிடிக்கும்.

வியாழக்கிழமை காலை மெர்லீன் சமையலறையில் உட்கார்ந்து சிகரெட்டு பிடித்தாள். வெளியே போய்ப் பிடிக்கச் சொன்னால், "இந்த ஊரு வெயில்ல சிகரெட்டு பத்தவெக்கவே வேணாம், தானா பத்திக்கும்" என்றாள். புகை அவள் தலையைச் சுற்றி மொத்தமாக மிதந்தது. நான் இருமிக் காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

வெயில் ஏறியது. மேலே காற்றாடி உறுமத் தொடங்கியது. மிதந்துகொண்டிருந்த புகை தலையைத் தூக்கியது. சாட்டைபோல் நீண்டு, நேரே மேலே போய், மச்சில் பதித்திருந்த விளக்கின் விளிம்புக்குள் புகுந்து காணாமல் போனது.

"இன்னொரு தடவ ஊதுங்க, அண்ணி."

"என்னது?"

"ஊதுங்கங்கறேன்!"

ஊதினாள். அதுவும் விளக்குக்குள் போனது. நான் காற்றாடியின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். புகை மறுபடி சோம்பேறியாக மேசைமேல் படுத்தது. போட்டேன், ஓடியது. அணைத்தேன், படுத்தது. மெர்லீன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்கோ விஷயம் புரிந்துவிட்டது. காற்றாடி பரணின் சூட்டை மட்டும் இழுக்கவில்லை. எங்கள் வீட்டின் குளிரையும் சேர்த்து உறிஞ்சி வானத்துக்குத் துப்பிக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

படுக்கையறையிலிருந்து வில்டனின் குரல் வந்தது. "காத்தாடி ஏன் நின்னுபோச்சு?"

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நான்தான் நிறுத்துனேன்."

"கிறுக்கா உனக்கு? மேல கொதிக்கும்."

"கொதிக்கட்டும். அது நம்ம ஏசிக் காத்தைக் குடிச்சிட்டு இருக்கு, வில்."

"யாரு சொன்னது?"

"உங்க அக்கா சிகரெட்டு."

அவன் நம்பவில்லை. மெர்லீனைக் கூப்பிட்டு, அந்த அறையிலேயே ஊதச் சொன்னான். காற்றாடியைப் போட்டேன். புகை அவன் தலைக்குமேல் இருந்த விளக்கை நோக்கிக் கோடு கிழித்துக்கொண்டு போனது. ஆயுள் முழுக்கக் குழாயோடும் அழுத்தத்தோடும் மல்லுக்கட்டியவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"வெளிக்காத்து பரணுக்குள்ள வர்ற வழி சின்னது," என்றான் மெதுவாக. "வீட்டுக்காத்து மேல போற வழி பெருசு. அது எதை இழுக்கும்? இதைத்தான் இழுக்கும்." கொஞ்சம் சிரித்தான். "சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிட்டேன் பாரு." சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இரும்புச்சாமான் கடையில் வேலை பார்க்கிறவள் நான். ஓட்டையை அடைக்கிற நுரை டப்பாவை ஊருக்கெல்லாம் விற்கிறேன், என் வீட்டுக்கு ஒன்று வாங்கத் தோன்றவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் வண்டி நிறைய அள்ளி வந்தேன். நுரை டப்பா, பசைக் குழல், தகரத் தகடு, தெர்மகோல் பலகை, காற்றுப் புகாத புது விளக்குகள். மெர்லீன் வாசலில் நின்று பார்த்தாள்.

"விக்கப்போற வீட்டுக்கு எதுக்குடி இவ்ளோ?"

"யாரு விக்கப்போறா?" என்றேன்.

மறுநாள் விடியும்போதே, பரண் சூடாகும் முன்பு, மடிப்பு ஏணியை இறக்கி மேலே ஏறினேன். மேலே கண்ணாடிப் பஞ்சு மெத்தைபோல் பரந்து கிடந்தது. பஞ்சு நல்ல மஞ்சள் நிறம், ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரிபோல் கறுத்த திட்டுகள். காற்று வடிகட்டிப் போன இடமெல்லாம் வீட்டுத் தூசி படிந்து கறுத்திருக்கிறது. ஓட்டையைத் தேட வேண்டிய வேலையே இல்லை. கறுத்த பஞ்சைத் தூக்கினால் அடியில் ஓட்டை இளித்தது. மின்கம்பி இறங்கும் துளைகள், குளியலறைக் குழாயைச் சுற்றிய இடைவெளி, விளக்குக் குழிகள். சமையலறை அலமாரிகளுக்கு மேலே ஒரு ஆளே இறங்கிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம், மூடியே இல்லாமல் கிடந்தது. இந்தச் சல்லடைக்குள்தான் ஏசிக் காற்றை இறைத்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஏணி முனகியது. மெர்லீனின் தலை மேலே வந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"கீழ நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நீ நுரை அடிக்கற அழகைப் பாத்தா கேக்குக்கு க்ரீம் வெக்கற மாதிரி இருக்கு. தள்ளு."

வில்டனின் கீட்ரி குடும்பத்துப் பெண் அவள். வேலை தனக்கு எதிரான வேலையாகவே இருந்தாலும் அரைகுறையாக நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. தெர்மகோல் பலகையை அளந்து வெட்டிப் பள்ளத்தை மூடினாள். சூடேறும் புகைக்குழாயைச் சுற்றி நான் நுரையை நீட்டியபோது கையில் பட்டென்று அடித்து, "நெருப்பு வெக்கப் பாக்கறியா? தகடு போட்டு, தீ தாங்கற செவப்புப் பசை தடவு" என்றாள். சொல்லி முடித்து நிமிர்ந்தவள், அப்போதுதான் அடித்த ஈர நுரையில் தலையை வைத்தாள். அந்த நுரை காய்ந்தால் கத்தரிக்கோலுக்கு மட்டும்தான் பணியும். அவள் திட்டிய திட்டை எழுத முடியாது. நான் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள்.

அன்று மதியம் வீடு மாறியிருந்தது. காற்றாடி மௌனமாக இருந்தது, கூடம் ஜில்லென்று இருந்தது, ஏசி ஓடி ஓடிக் களைத்தது போய் இடையிடையே நின்று மூச்சு வாங்கியது. நான் துள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினேன். அங்கே மட்டும் பழைய புழுக்கம். வில்டன் வேர்த்துக் கிடந்தான். மூன்று மணிக்கு எழுந்து நிற்க முயன்றான், முழங்கால் மடங்கியது, நான் தாங்கிப் பிடித்தேன்.

அவன் சட்டை நனைந்துவிட்டதென்று மெர்லீன் துணி அலமாரியைத் திறந்து வேறு சட்டை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடி இது, இப்பத்தான் இஸ்திரி போட்ட மாதிரி சுடுது?"

நான் வில்டனைப் பார்த்தேன். வில்டன் ஜன்னலைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"வில்."

"அந்த அலமாரிக்குப் பின்னால," என்றான், "ஒரு ஓட்டை இருக்கு."

"என்ன ஓட்டை?"

"காத்தாடிக்கு வயர் இறக்கறதுக்கு மச்சை அறுத்தேன். அளவு தப்பாயிடுச்சு. கூரை தாழற மூலைங்கறதால மேலேர்ந்து உன் கண்ணுல படல. நீ கத்துவேன்னு மச்சு வரைக்கும் உசரமான இந்த அலமாரிய நகத்தி மறைச்சிட்டேன்."

"எவ்ளோ பெரிய ஓட்டை?"

"ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும்."

தம்பியின் முழங்காலில் பளாரென்று ஒரு அடி வைத்தாள் மெர்லீன். நான் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததற்கு எனக்குத் தேவாலயத்தில் சிலை வைக்கலாம். இருவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். தட்டு என்று சொன்னானே, அது எங்கள் விருந்துத் தட்டு! மறுநாள் காலையில் பலகை வைத்து, நுரை அடித்து, மேலே பஞ்சைப் போர்த்தி அதன் வாயை மூடினேன்.

சனிக்கிழமை மதியம் வந்தது. தெருவில் நாய்கூட நடமாடவில்லை, அப்படி ஒரு வெயில். வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல நான் போனை எடுத்தேன். வில்டன் தடுத்தான். "வரட்டும்," என்றான். அவன் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் சமைப்பேன். எங்கள் ஊர் கம்போ குழம்புக்கு மாவு வறுக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் பிறந்த எவளும் பாதி வறுத்த மாவை விட்டு நகரமாட்டாள். கிண்டுகிற கை நின்றால் மாவு கருகும், கருகினால் குழம்பு போச்சு. மாவு செம்பு நிறத்துக்கு வந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

"அண்ணி! கதவு!"

"தலையில எண்ணெய் ஊத்திட்டு நிக்கறேன்டி!" என்று குளியலறையிலிருந்து கத்தினாள். நுரையோடு அவள் போர் இன்னும் முடியவில்லை.

மணி மறுபடி அடித்தது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். அப்போது படுக்கையறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தடி தரையில் தட்டும் சத்தம். டொக். பிறகு ஒரு காலடி. பிறகு இன்னொன்று. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வில்டன் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தான். வேகமாக இல்லை. ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை, நாற்காலியைப் பிடிக்கவில்லை, சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வாசலுக்குப் போய் நிமிர்ந்து நின்று கதவைத் திறந்தான். வெளியே தரகரும், வெயிலில் சிவந்துபோன ஒரு இளம் ஜோடியும். திறந்த கதவு வழியாகக் குளிர் அவர்கள் முகத்தில் அடித்ததும் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா! எவ்ளோ ஜில்லுனு இருக்கு!" என்றாள் புருஷனிடம். "இந்த வீட்டையே எடுத்துக்கலாம்!"

"நல்ல வீடுதாம்மா," என்றான் வில்டன். "ஆனா விக்கறதுக்கில்ல. நான் இங்கதான் இருக்கப்போறேன். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அந்தக் குரலை நான் எத்தனை நாளாகக் கேட்கவில்லை! கடல்மேடையில் காற்றுக்கு மேலே கத்திப் பழகிய குரல். சமையலறையில் மாவு கருகும் வாசனை வந்தது. கருகட்டும் என்று நின்றேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் இல்லை.

எனக்குப் பின்னால் மெர்லீன் தலையில் துண்டோடு வந்து நின்றிருந்தாள். தம்பியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு தன் வழக்கமான அதட்டல் குரலைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"டேய், வந்தவங்கள உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்துடா! குளிரெல்லாம் வெளிய போவுது!"