தெரியாத சொல் வந்தால்

கவியாவைப் புதைத்த மறுவாரத்திலிருந்து பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்தக் கணினியில் சதுரங்கப் பலகையைத் திறந்தாலும் அவள் எழுதிய ஆட்ட நிரல், அந்த எஞ்சின்தான் எதிரில் ஆடியது. யாரும் அதை ஏற்றி வைக்கவில்லை. அவளுடைய லேப்டாப் அவளோடு சேர்ந்து நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போயிருந்தது. பிரவுசிங் சென்டர்க்காரர்கள் கொஞ்ச நாள் அழித்துப் பார்த்தார்கள். பிறகு, நன்றாகத்தானே ஆடுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

எஞ்சினுக்கு முகம் கிடையாது. காய்களைக் காட்டும் பலகை வேறு, யோசிக்கும் எஞ்சின் வேறு. வேறு வேறு ஆட்கள் எழுதிய இரண்டும் ஒத்துப்போக, பொதுவாகக் கொஞ்சம் சொற்கள் உண்டு. பலகை 'இஸ்ரெடி' என்று கேட்டால் எஞ்சின் 'ரெடிஓகே' என்று சொல்லும். 'கோ' என்றால் யோசித்து ஒரு நகர்த்தல் தரும். கவியாவின் எஞ்சினுக்குப் பலகை எழுதியவன் அவளோடு படித்த ரஞ்சித்குமார். அவன்தான் பழைய கணினி ஒன்றை பஸ்ஸில் மடியில் வைத்து ஆலத்தியூருக்குக் கொண்டுவந்து, அவள் அம்மா வெற்றிச்செல்வியின் வீட்டில் மாட்டிக் கொடுத்தான்.

வெற்றிச்செல்வி சிமெண்ட் ஆலை கேன்டீனில் சமைப்பவள். மகள் கடைசியாகப் போன காலையில் இருவருக்கும் சண்டை. "ஆளில்லாம ஆடுறது ஒரு ஆட்டமாடி" என்று இவள் சொல்ல, "போறேன்" என்று அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். போயிட்டு வரேன்னு சொல்லுடி என்று எப்போதும் திருத்துகிறவள், அன்று கோபத்தில் திருத்தவில்லை.

கணினியை மாட்டிய அன்று வெற்றிச்செல்வி முதலில், "சாப்பிட்டியா" என்று தட்டினாள். திரை சும்மா இருந்தது.

"விதியில இல்லாத சொல்ல அது காதுல வாங்காதும்மா. தள்ளிட்டு மிச்சத்தப் படிக்கும்" என்றான் ரஞ்சித்குமார்.

"நான் பேசுனதுல எத அவ காதுல வாங்குனா, இது வாங்கறதுக்கு."

ஆனால் மிச்சத்தைப் படிக்கும் என்றதை அவள் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "சாப்பிட்டியா இஸ்ரெடி" என்று தட்டினாள்.

ரெடிஓகே.

"வலிச்சுதா கண்ணு இஸ்ரெடி."

ரெடிஓகே.

"அம்மா மேல கோவமா இஸ்ரெடி."

ரெடிஓகே. ரஞ்சித்குமார் எழுந்து வாசலில் போய் நின்றான். கிளம்பும்போது, மூடுவதற்கு 'க்விட்' என்று தட்டவேண்டும் என்றான்.

"அதுக்கு என்ன பதில் சொல்லும்?"

"அதுக்குப் பதில் கெடையாதும்மா. சொல்லாம போயிடும்."

"அப்ப அந்தச் சொல்லு வேணாம்யா."

மூன்று வருடமாக அவள் அதைத் தட்டவில்லை. கரண்டு போனாலும் அந்தத் திரை அணைவதில்லை. மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து மாலையில் வந்து உட்கார்ந்து பேசுவாள். முடிக்கும்போது தினமும், "போயிட்டு வரேன்னு சொல்லு இஸ்ரெடி." வருவது அதே ரெடிஓகேதான். அவளுக்கு அது போதுவதில்லை. மறுநாளும் கேட்பாள்.

அந்த நேரத்தில் இரண்டு மாவட்டத்திலும் பலகைகளில் கடிகாரம் ஓடும், காய் நகராது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சென்டர் வைத்திருக்கும் ராசாங்கத்திடம் புதிதாக வந்தவர் யாராவது, சிஸ்டம் நின்றுவிட்டதா என்று கேட்பார்.

"இல்ல சார், அவங்க அம்மா வேலை முடிஞ்சு வந்திருப்பாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவரும் போய்க் குடித்துவிட்டு வருவார். அதற்குள் குதிரை நகர்ந்திருக்கும்.