எதிரெதிர் வாசல்

தம்பியை ஆஸ்பத்திரியின் போதை மீட்பு வார்டிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வெளியே விட்டார்கள். போதை முழுக்க இறங்கிவிட்டது, இனி எதிரே இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார் நர்ஸ். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவையும் இதே பேச்சுதான். அப்போது இல்லத்தில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சனிக்கிழமையே பேருந்து நிலையக் கழிப்பறையிலிருந்து, கையில் குத்திய ஊசியோடு அவனைத் தூக்கிவந்தாள்.

"இல்லத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர்."

"அது எங்க வேலை இல்லம்மா. அவங்கதான் கேக்கணும்."

அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். "அக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேனே" என்றான். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த டீ எந்தச் சந்தில் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிடியை இறுக்கினாள்.

இல்லத்து மேலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. "வார்டுலேர்ந்து முன்னாடியே சொல்லியிருந்தா இடம் வச்சிருப்போம். திடுதிப்னு வந்து நின்னா? திங்கட்கிழமை வாங்க."

"அதுவரைக்கும் இவனை எங்க வைக்க? பரண்ல தூக்கிப் போடவா?"

"கோபப்படாதீங்கம்மா."

"ஏன் படக்கூடாது? ரெண்டு பேருக்கும் ஒரே அரசாங்கம்தானே சம்பளம் குடுக்குது? ஒரு போன் பண்ணா வாய் தேஞ்சா போயிடும்?"

"அவங்க நம்பர் எங்ககிட்ட இல்லையே."

அவள் சிரித்தேவிட்டாள். தம்பி சாப்பிட்டானா, தூங்கினானா என்று தினமும் அவள் கூப்பிட்டுக் கேட்ட நம்பர் அது. அதை அழுத்தி, கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தாங்க, பேசுங்க."

அதற்காகப் பிடியை விட்ட கணத்தில் தம்பி ஓடினான்.

செருப்பு ஒன்று கழன்று விழ, ஹாரன்களுக்கு நடுவே பாய்ந்தாள். சாலை நடுத்திட்டில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து உட்காரவைத்தாள். அறைய ஓங்கிய கையை அவன் பற்றிக்கொண்டான். பற்கள் கிடுகிடுத்தன.

"என்னால முடியலக்கா. வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாத. அங்கேருந்து மறுபடி ஊசியைத் தேடி ஓடிடுவேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இல்லத்து வாசலில் மேலாளர், அவளுடைய கைபேசியைக் காதில் வைத்தபடி. எதிரே ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ், அவர் காதிலும் வார்டு கைபேசி.

"பேசி முடிச்சீங்களா இல்லையா?" அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் தலைக்கு மேலாக, முதல்முறையாக, ஒருவரையொருவர். நர்ஸ் சாலையில் ஒரு காலை இறக்கினார். பேருந்து ஒன்று குறுக்கே வந்து மறைத்தது.