க்வெயில் என்ன கூட்டம்?

பாலுசாமிக்கு அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லை. போன வருடம்தான் கோயமுத்தூர் கணபதியில் மேடையேறி, மனிதரில் ஏது பேதம் என்று முழங்கி, சால்வை வாங்கி, அதைப் போட்டோ எடுத்து மாட்டியிருந்தார். அந்தப் போட்டோவுக்குக் கீழேயே நின்று, மில்லுக்கு மெஷின் பூட்ட இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள் மகள் பிரவீனா.

மனிதர் கோபப்படவில்லை. நம் கொங்குப் பக்கம் சம்பந்தம் பேசினால் முதலில் கேட்கும் குலப் பேரைக் கேட்டார்.

"என்ன கூட்டம், கண்ணு?"

"வெள்ளைக்காரங்களுக்கு ஏதுங்கப்பா கூட்டம்? பேருக்குப் பின்னால குடும்பப் பேரு வரும். இவருது க்வெயில்."

"அப்படீன்னா?"

"காடைங்கப்பா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாலுசாமி முகம் மலர்ந்தது பக்கத்திலிருந்த எங்கள் வீட்டு ஜன்னலுக்கே தெரிந்தது. அவரும் காடைக் கூட்டம். ஒரே கூட்டமென்றால் பங்காளி. ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை.

"அட, நம்ம பங்காளிப் பையன்! எனக்கு ஆட்சேபணையே இல்ல கண்ணு. முறைதான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை தாமஸே நேரில் வந்தார். போன் பேசும் சாக்கில் நானும் அங்கே இருந்தேன். தங்கள் ஊரில் குடும்பப் பேருக்கு யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை என்று பாவம் விளக்கினார். எந்தக் காலத்திலோ பயந்தாங்கொள்ளி ஒருவனுக்கோ, பெண்கள் பின்னால் அலைந்த ஒருவனுக்கோ காடை என்று பட்டப்பேர் வைத்திருப்பார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது என்றார். பிரவீனா முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னாள்.

"பயந்தாங்கொள்ளியா? எங்க பெரியப்பாரு அச்சு அசல் அதேதானுங்க! சந்தேகமே இல்ல, பங்காளிதான்!" தாமஸைக் கட்டிப்பிடித்து, இலை போடச் சொன்னார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி சென்னியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, பங்காளிங்கறது உறுதிங்களா?"

"சத்தியமா."

"அப்ப எங்கண்ணன் இவரைத் தத்து எடுத்துக்கட்டுமுங்க. அவருக்கும் பையன் இல்ல. கூட்டம் இருக்கறவனுக்குத்தானே கூட்டம் மாத்த முடியும்? இருக்குதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க."

"அதெப்படி அம்மணி..."

"நாங்க ஆந்தைக் கூட்டமுங்க. இவரு எங்கண்ணன் மகனாயிட்டா பிரவீனாவுக்கு மாமன் மகன். முறை மாப்பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லுவீங்களா?"

பாலுசாமி கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றது.

அண்ணன் நஞ்சுண்டனுக்கும் பாலுசாமிக்கும் ஒரு பந்தியில் ரசம் விட்ட தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது. தங்கை சொன்ன மறுவாரமே அவர் தாமஸைக் குலதெய்வம் கோயிலில் உட்கார வைத்துத் தத்து எடுத்துவிட்டார். வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு, காடை ஆந்தையானது.

பிறகென்ன, பெண் வீட்டார்தான் போக வேண்டும். தட்டு தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் சென்னிமலையில் மச்சான் வீட்டுக்குப் போனேன். நஞ்சுண்டன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பையன் இங்கிலாந்து இஞ்சினியரு பாருங்க மாப்ள. நாலு எடத்துல கேட்கறாங்க. யோசிச்சுத்தான் சொல்லோணும்."

பாலுசாமி தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"பார்த்துச் செய்யுங்க மச்சா. புள்ள ஆசைப்பட்டுப்போட்டா. இந்த மாப்பிள்ளையை உட்டா எனக்கு வேற கெடைக்காதுங்க."